ஊர்க்குடி யார்? சட்டம் கூறும் விடைகள்

கிராம முன்னேற்றப் பணியில் ஈடுபட்டுள்ளோர் நாள்தோறும் கேட்கும் சொற்களுள் 'ஊர்க்காரர்' என்பது ஒன்றாகும். வீட்டுமனைப் பட்டா வழங்கும்போதும், மாணவருக்கு உதவித்தொகை கோரும்போதும், பயனாளிகளின் பட்டியலைக் கிராம சபையில் படிக்கும்போதும், 'இவர் இவ்வூர்க்காரர்தாமா?' என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு ஊரார் உடனே விடை கூறிவிடுவர். 'எங்கள் பாட்டனார் காலம் முதல் இங்கிருக்கிறோம்' என்பார் ஒருவர். 'அவர் நேற்று வந்தவர்' என்பார் மற்றொருவர். ஆனால் சட்டம் அவ்வாறு ஒரே சொல்லில் விடை கூறுவதில்லை. எந்த உரிமை கோரப்படுகிறதோ அதனைப் பொறுத்தே அதன் விடை அமைகின்றது.

ஒருவர் எந்நாட்டவர்? எம்மாநிலத்தவர்? எந்த ஊராட்சியைச் சேர்ந்தவர்? எந்தச் சமூகப் பட்டியலில் அடங்குவார்? எந்த நிலத்தில் அவருக்குத் தொன்றுதொட்ட உரிமை உண்டு? இவை ஐந்தும் வெவ்வேறு வினாக்கள். இவற்றுக்குரிய சட்டங்களும் சான்றுகளும் முடிவு கூறும் அதிகாரிகளும் வெவ்வேறாவர். ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றுக்குக் கூறிவிடுவதால், தமக்கு உரிய நன்மையை ஏழைக் குடும்பம் இழந்து நிற்பதை நம் அலுவலில் பன்முறை கண்டிருக்கிறோம். ஆதலின் இவ்வைந்தனையும் தனித்தனியே ஆராய்ந்து தெளிதல் ஊராட்சி உறுப்பினருக்கும் களப்பணியாளருக்கும் மிகவும் இன்றியமையாததாகும்.

கட்டபெட்டும் அதன் மக்களும்

இதற்கு நீலகிரி மாவட்டத்துக் கட்டபெட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கோத்தகிரியிலிருந்து உதகைக்கும் குன்னூருக்கும் செல்லும் சாலைகள் இங்கே பிரிகின்றன. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், சிறு விவசாயிகளின் பசுந்தழையை வாங்கித் தூளாக்கும் கூட்டுறவுத் தொழிற்சாலை, அருகே காடுகள். சாலை கூடுமிடத்தில் பேருந்துக்காக நிற்போரைச் சற்று நோக்கினாலே இம்மலையின் வரலாறு கண்முன் தோன்றும்.

சுற்றுப்புறத்து ஹட்டிகளில் வாழும் படகர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் வடக்கேயுள்ள மைசூர்ச் சமவெளியிலிருந்து வந்தேறியவர் என்பர். அவர்தம் பெயரே வடதிசையைக் குறிப்பது. கோத்தகிரி என்னும் பெயர், அப்பகுதியில் வாழும் கோத்தரை நினைவூட்டுவது. மலைச்சரிவுகளில் குறும்பரும் இருளரும் வாழ்கின்றனர். உயர்ந்த புல்வெளிகளில் தோடரின் மந்துகள் உள்ளன. தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் தொழிலாளரும் வணிகரும் வந்தனர். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் இம்மாவட்டத்தில் குடியேற்றப்பட்டனர். அண்மைக் காலத்தில் அஸ்ஸாம், ஜார்க்கண்டு முதலிய மாநிலத்தவரும் தேயிலை பறிக்க வருகின்றனர். இவர்களுள் 'ஊர்க்குடி' யார்?

பழைய வழக்கு ஒன்று

இவ்வினா இம்மலைக்குப் புதிதன்று. 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தார். கோத்தகிரிக்கு அருகில் கன்னேரிமுக்கில் அவர் வசித்த கட்டடம் இன்றும் நினைவுச் சின்னமாக விளங்குகிறது. பின்னர் உதகையில் தோடரிடமிருந்து அவர் நிலம் வாங்கினார். இம்மலையின் மண் முழுவதும் தோடருக்கே உடைமை என்பது அவர் வாதம். படகரும் கோத்தரும் தோடருக்கு ஆண்டுதோறும் 'கூடு' என்னும் தானியக் காணிக்கை அளித்து வந்ததை அதற்குச் சான்றாகக் காட்டினார். 1827 முதல் 1832 வரை சென்னை கவர்னராக இருந்த லஷிங்டன் இதனை மறுத்தார். முடிவில் கம்பெனி அரசாங்கம் தோடருக்கு மேய்ச்சல் உரிமையை ஏற்றதேயன்றி மண்ணின் முழு உடைமையை ஏற்கவில்லை.

இவ்வழக்கிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. முதலாவது, 'முதலில் வந்தவர் யார்' என்று வாதிட்டோர் இம்மலைவாழ் மக்கள் அல்லர். வெளியிலிருந்து வந்த அதிகாரிகளே. சல்லிவனே நிலம் வாங்கியவர் என்பதை நோக்குமிடத்து, தோடர் உரிமை பற்றிய அவர் வாதத்தில் அவருடைய நன்மையும் கலந்திருந்தது விளங்கும். இரண்டாவது, மலைவாழ் மக்களிடையே நிலவிய முறை வேறு. தோடர் பாலும் நெய்யும், கோத்தர் இரும்புக் கருவியும் மட்கலமும் இசையும், படகர் தானியமும், குறும்பர் தேன் முதலிய காட்டுப் பொருள்களும் தம்முள் மாற்றிக்கொண்டு வாழ்ந்தனர். ஒருவர் இருப்பது மற்றவர் வாழ்வுக்கு இடையூறாக எண்ணப்படவில்லை. கொடுக்கல் வாங்கலாக இருந்த காணிக்கையை 'உடைமைக்கு அத்தாட்சி' ஆக்கியது கச்சேரியின் மொழியே.

முதல் விடை: நாடு

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 5-ஆம் பிரிவு, இந்திய எல்லைக்குள் நிலையான வாழ்விடம் கொண்டவருள் இங்குப் பிறந்தவரையும், தாய் தந்தையருள் ஒருவர் இங்குப் பிறந்திருப்பவரையும், ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இங்கு வசித்தவரையும் குடிமக்களாக ஏற்றது. ஊருக்கொரு குடியுரிமையோ மாவட்டத்துக்கொரு குடியுரிமையோ நம் நாட்டில் இல்லை. உள்ளது ஒன்றே, அது இந்தியக் குடியுரிமை.

இதன் அருமையை உணர அண்டை நாட்டை நோக்குதல் நலம். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் இலங்கையிலேயே பிறந்தவரும், தம் தந்தை அங்குப் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பித்தல் வேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. தேயிலைத் தோட்டத்துக் கூலித் தொழிலாளரிடம் பாட்டனின் பிறப்புப் பதிவு எங்கிருந்து கிடைக்கும்? தலைமுறைகளாக அம்மண்ணில் உழைத்த தமிழர் பல லட்சம் பேர் எந்நாட்டுக் குடிகளும் அல்லாதவராயினர். 1964 அக்டோபர் 30-இல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஏறத்தாழ 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்றன.

இவ்வாறு வந்தோருக்கு வாழ்வளிக்கவே நம் அரசு 1968-இல் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அது 1976-இல் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. இம்மக்கள் இந்தியக் குடிகளாகப் பதிவு பெற்று, இந்தியக் கடவுச்சீட்டுடன் வந்தவர்கள். 1983-க்குப் பின்னர் உள்நாட்டுப் போரினால் அடைக்கலம் தேடி வந்த இலங்கைத் தமிழரோ, சட்டத்தின் முன் வேறொரு நிலையில் உள்ளவர்கள். தாயகம் திரும்பியோரை 'அகதி' என்று குறித்துவிடும் பழக்கம் இன்றும் சிற்றூர்களில் உண்டு. அது வெறும் சொற்பிழையன்று. மனுவொன்றில் அச்சொல் ஏறிவிட்டால், இந்தியக் குடிமகனின் பேரப்பிள்ளை தன் குடியுரிமையை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டிய நிலை உண்டாகும்.

இரண்டாம் விடை: மாநிலம்

பிறப்பிடச் சான்றும் இருப்பிடச் சான்றும் அடிக்கடி தேவைப்படுவன. இவற்றின் உண்மையான பயன் யாது? மாநில அரசு தன் செலவில் நடத்தும் கல்விக்கூடங்களிலும் நலத்திட்டங்களிலும் இம்மாநிலத்தவருக்குச் சில சலுகைகளை அளிக்கிறது. அச்சலுகைக்குரியவர் யார் என்று காட்டுவதே இச்சான்றுகளின் வேலை. ஒருவர் இங்கு வாழலாமா, தொழில் செய்யலாமா என்பதை இவை தீர்மானிப்பதில்லை. அதனை அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு முன்னரே தீர்மானித்துவிட்டது: இந்தியாவின் எப்பகுதியிலும் தங்கவும் குடியேறவும் குடிமகன் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பழங்குடியினரின் நலனைக் காக்கவும் பொது நலன் கருதியும் நியாயமான கட்டுப்பாடுகளை மட்டும் சட்டத்தின் வாயிலாக விதிக்கலாம்.

பிறந்த இடம் ஒன்றையே காரணமாகக் கொண்டு குடிமகனுக்கு அரசு வேற்றுமை காட்டலாகாது என்பது 15-ஆம் பிரிவு. அரசு வேலையில் வசிப்பிடத்தையும் காரணமாக்கலாகாது என்பது 16-ஆம் பிரிவு. அதற்கு விலக்களிக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே உண்டு. மாநிலச் சட்டமன்றத்துக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் 1955-இல் ஜோஷி வழக்கில், பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு என்று பகுத்துக் காட்டியது. வசிப்பிடத்தை ஒட்டிக் கல்விக் கட்டணச் சலுகை அளித்தலை ஏற்றது. 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில், இந்தியர் எல்லாருக்கும் நிலையான வாழ்விடம் ஒன்றே, அது இந்தியா என்று விளக்கியது. 2025 ஜனவரியில் தன்வி பேல் வழக்கில், மருத்துவ மேற்படிப்பு இடங்களை மாநில வாசத்தைக் காரணமாக்கி ஒதுக்குதல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புகளை ஒருங்கே நோக்கின் ஒரு நெறி புலனாகும்: வசிப்பிடம் சில சலுகைகளுக்கு அளவுகோலாகலாம்; ஆயினும் குடிமக்களுள் ஒருவரை 'உள்ளவர்' என்றும் மற்றவரை 'வந்தவர்' என்றும் தரம் பிரிக்கும் கருவியாகலாகாது.

மூன்றாம் விடை: ஊராட்சி

கிராம சபையில் அமர்ந்து பேசும் உரிமை யாருக்கு உண்டு? பாட்டனார் பிறந்த ஊர் என்பதால் அவ்வுரிமை வருவதில்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளோரே கிராம சபை உறுப்பினராவர். அப்பட்டியலில் சேருவதற்கு 18 வயது நிறைந்து அவ்விடத்தில் சாதாரணமாக வசித்து வருதல் வேண்டும். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் மேலும் ஒன்றைத் தெளிவாகக் கூறுகிறது: வீடு உடைமையாக இருப்பது மட்டும் வசிப்பதாகாது.

இதன் விளைவைச் சிந்தித்தல் வேண்டும். ஹட்டியில் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்க, கோவையில் குடும்பத்தோடு நிலைத்து வாழ்பவர் அவ்வீட்டைக் காட்டி இவ்வூர் வாக்காளராக இயலாது. தோட்டத்து லயத்தில் ஓரறையில் குடியிருந்து கொழுந்து பறிக்கும் பெண் தம் பெயரைப் பட்டியலில் சேர்த்திருப்பின், கிராம சபையில் முழு உறுப்பினர் ஆவார். குடிநீர்க் குழாய் எங்கு அமைய வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஊராட்சிக் கணக்கை வாசிக்கக் கோரும் உரிமையும் உண்டு. 'வந்தவருக்கு இங்கென்ன பேச்சு?' என்று யாரேனும் தடுப்பாராயின், அக்கூட்டத்தை நடத்துவோர் சட்டத்தை எடுத்துக் கூறுதல் கடமையாகும்.

நான்காம் விடை: பட்டியல்

இனி, மிகுதியான குழப்பத்துக்கு இடமாக உள்ள பகுதிக்கு வருவோம். 'பழங்குடி' என்னும் சொல், இடத்துக்கு முதலில் வந்த குடி என்று பொருள்படுவது போல் தோன்றும். ஆனால் சட்டத்தில் பழங்குடி என்பது ஒரு பட்டியலின் பெயர். அரசியல் சட்டத்தின் 342-ஆம் பிரிவின்படி, மாநிலந்தோறும் எவரெவர் பழங்குடியினர் என்பதைக் குடியரசுத் தலைவர் அறிவிக்கிறார். முதல் ஆணை 1950 செப்டம்பரில் பிறந்தது. அதன் பின்னர் ஒரு சமூகத்தைச் சேர்க்கவோ நீக்கவோ பாராளுமன்றத்துக்கே அதிகாரம் உண்டு. தாசில்தாரோ, மாநில அரசோ, நீதிமன்றமோ அப்பட்டியலில் ஒரு சொல்லையும் மாற்ற இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 2000-இல் மிலிந்த் வழக்கில் உறுதி செய்தது.

சேர்த்தற்குரிய அளவுகோல் யாது? 1965-இல் லோகூர் குழு ஐந்து இயல்புகளைக் கூறியது: தொன்மையான வாழ்க்கைக் கூறுகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், பிறரோடு கலக்கத் தயங்கும் கூச்சம், பின்தங்கிய நிலை. இவற்றுள் 'முதலில் வந்தவர்' என்பது ஓர் இயல்பாகக் குறிக்கப்படவில்லை. இதனை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எனவே எவரையும் 'நீர் பிந்தி வந்தவர்' என்று கூறிப் பட்டியலிலிருந்து விலக்குதலும், 'யாம் முந்தி வந்தோம்' என்று கூறிப் பட்டியலில் சேரக் கோருதலும் சட்டத்தின் நெறியல்ல. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அறுவரும் பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாகவும் குறிக்கப்பட்டுள்ளனர். படகர் பிற்படுத்தப்பட்டோர் வகுப்பில் உள்ளனர். தம்மைப் பழங்குடியினராக அறிவிக்க வேண்டும் என்று நெடுநாளாகக் கோரி வருகின்றனர். அக்கோரிக்கை பாராளுமன்றத்தின் முடிவுக்குரியது. அதன் பொருட்டு ஊரில் இரு தரப்பினர் ஒருவரை ஒருவர் 'மண்ணுக்கு உரியவர் அல்லர்' என்று இகழ்தல் தேவையற்றது.

பட்டியல் இடத்தோடு கட்டுண்டது என்பதற்குக் குறும்பரே தக்க சான்று. தமிழ்நாட்டுப் பட்டியலில் 'நீலகிரி மாவட்டத்தில்' என்னும் குறிப்போடு அவர் பெயர் உள்ளது. சமவெளியில் ஆடு மேய்க்கும் தொழிலுடைய, அதே பெயர் கொண்ட சமூகத்தார் அதில் அடங்கார். தேயிலைத் தொழிலிலும் ஒரு சான்று உண்டு. சோட்டாநாகபுரிப் பகுதியிலிருந்து அஸ்ஸாம் தோட்டங்களுக்குச் சென்ற சந்தாலர், ஒராவோன் முதலியோரின் வழித்தோன்றல்கள் அங்குப் பிற பிற்படுத்தப்பட்டோராகவே கொள்ளப்படுகின்றனர். ஜார்க்கண்டில் அவர்தம் உறவினர் பழங்குடியினர். ஒரு மாநிலத்துப் பட்டியலிற் கண்ட தகுதியை மற்றொரு மாநிலத்துக்கு எடுத்துச் சென்று அங்குள்ள சலுகையைக் கோர இயலாது என்பது 1990-இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கின் தீர்ப்பு. ஆதலின் கட்டபெட்டில் பணிபுரிய வரும் ஜார்க்கண்டுப் பழங்குடித் தொழிலாளர் இம்மாநில ஒதுக்கீட்டைப் பெறார். ஆயினும் குறைந்தபட்சக் கூலியும், குழந்தையின் பள்ளிச் சேர்க்கையும், மருத்துவமும் பட்டியலைப் பொறுத்தவை அல்ல. 'சான்றிதழ் இல்லை' என்னும் காரணத்தால் அவற்றை மறுத்தலாகாது.

பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் 1989 முதல் வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில் உள்ளது. தாசில்தார் அலுவலகத்துக்குப் பன்முறை நடந்து கூலியை இழப்பதைத் தவிர்க்க, விண்ணப்பம் சேரவேண்டிய இடத்தை முதலிலேயே கூறிவிடுதல் களப்பணியாளர் செய்யத்தக்க சிறந்த உதவியாகும்.

ஐந்தாம் விடை: காடும் நிலமும்

தொன்றுதொட்ட வாழ்வே உரிமைக்கு அடிப்படையாவது இப்பகுதியில்தான். 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்ந்தும் காட்டை நம்பியும் வந்த மக்களுக்கு முற்காலத்தில் இழைக்கப்பட்ட அநீதியை நீக்குவதைத் தன் நோக்கமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைக்குட்பட்ட பகுதிகள் இல்லை. ஆகவே நம் மலைவாழ் மக்களுக்கு இச்சட்டம் மிகவும் முக்கியமானது.

இதில் இரு வகையினர் உரிமை கோரலாம். முதலாவது வகையினர், அப்பகுதியில் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டவர். அவர் 2005 டிசம்பர் 13-க்கு முன்னர் நிலத்தை அனுபவித்து வந்திருத்தல் வேண்டும். இரண்டாவது வகையினர், பட்டியலில் இல்லாத மரபுவழி வனவாசிகள். அவர்கள் அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறைகளாக அவ்வாறு வாழ்ந்திருத்தல் வேண்டும். தலைமுறை ஒன்றுக்கு 25 ஆண்டு என்பது கணக்கு. ஆக 75 ஆண்டுகள். இலங்கைச் சட்டமும் பாட்டன் காலத்தைக் கேட்டது, இச்சட்டமும் கேட்கிறது. வேற்றுமை யாதெனில், அது கேட்டது ஒருவரை நாட்டினின்றும் விலக்குதற்கு. இது கேட்பது ஒருவருக்குக் கூடுதலாக ஓர் உரிமையை அளித்தற்கு. மூன்று தலைமுறையை மெய்ப்பிக்க இயலாதவர் இச்சட்டத்தின் உரிமையைப் பெறாரேயன்றி, குடியுரிமையில் ஒரு துளியும் குறைவுபடார்.

சான்று பற்றியும் இச்சட்டம் ஏழையின் நிலையறிந்து பேசுகிறது. எழுதிய ஆவணம் மட்டுமே சான்று என்று அது கூறவில்லை. பழைய பதிவேடுகளும், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை முதலியனவும் சான்றாகும். நிலத்தைத் திருத்திய அடையாளம், கிணறு, புதைகுழி, வழிபாட்டிடம் ஆகியனவும் சான்றாகும். உரிமை கோருவோர் அல்லாத முதியோர் கூறுவதை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்றாகும். இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும். எழுத்தறியாத இருளர் மூதாட்டி ஒருவர், தம் பாட்டியைப் புதைத்த இடத்தைச் சுட்டிக்காட்டுவதற்கும் சட்டத்தில் மதிப்புண்டு.

முதல் முடிவு கிராம சபையின் கையில் உள்ளது. இது ஊராட்சிக் கிராம சபையன்று. அச்சிற்றூரில் வயதுவந்தோர் அனைவரும் கூடும் சபை. அது அமைக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 உறுப்பினர் இருப்பர். அவர்களுள் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமல் பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும் இருத்தல் வேண்டும். அதன் பின்னர்க் கோட்டக் குழுவும் மாவட்டக் குழுவும் ஆராயும். ஒரு குழுவின் முடிவால் பாதிக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் அடுத்த குழுவுக்கு மனுச் செய்யலாம். கோரிக்கை ஆராயப்பட்டு முடியும்வரை அவரை அந்நிலத்தினின்றும் வெளியேற்றலாகாது. கிடைக்கும் நிலவுரிமை 4 ஹெக்டேருக்கு மேற்படாது, மணமானவராயின் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியப்படும், வாரிசுக்குச் செல்லும், ஆனால் விற்க இயலாது. சல்லிவன் காலத்தில் தோடர் நிலம் கைமாறிய வரலாற்றை நினைவிற் கொண்டால், விற்கலாகாது என்னும் கட்டுப்பாட்டின் பொருள் விளங்கும்.

தோட்டங்களில் குடியேற்றப்பட்டோரின் நிலை இதனின் வேறானது. 2022-இல் டான்டீயின் நிலங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்கு மீள ஒப்படைக்க அரசு ஆணையிட்டபோது, ஓய்வு பெற்ற தொழிலாளரின் குடியிருப்பு பற்றிய கவலை எழுந்தது. அவர்களுக்கு 75 ஆண்டு வனவாழ்வு இல்லை. ஆனால் இரு நாட்டு உடன்படிக்கையின் பேரில் அரசே அழைத்துவந்து குடியமர்த்திய மக்கள் அவர்கள். அவர்களுடைய கோரிக்கை மறுவாழ்வு பற்றியது. அதனை வன உரிமைக் கோரிக்கையாகக் கருதி மறுத்துவிடுதல், கேளாத வினாவுக்கு விடை கூறியது போலாகும்.

உலக அரங்கில்

இவ்வினாவை உலக நாடுகளும் ஆராய்ந்துள்ளன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1957-இல் பழங்குடி மக்கள் பற்றிய 107-ஆம் உடன்பாட்டை நிறைவேற்றியது. இந்தியா 1958-இல் அதனை ஏற்றது. 1989-இல் அதற்கு மாற்றாக வந்த 169-ஆம் உடன்பாட்டை இந்தியா ஏற்கவில்லை. 2007 செப்டம்பர் 13-இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுப்பேரவையில் பூர்வகுடிகளின் உரிமை பற்றிய பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, இந்தியா ஆதரவாக வாக்களித்தது. எனினும் சுதந்திரத்துக்குப் பின் இந்திய மக்கள் அனைவரும் இம்மண்ணின் பூர்வகுடிகளே என்னும் தன் கருத்தையும் தெரிவித்தது. இக்கருத்தைப் பற்றி அறிஞரிடையே வேற்றுமை உண்டு. காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்த மக்களின் தனித்த துயரத்தை அது மறைத்துவிடலாகாது என்பாரும் உளர். அது நியாயமான எச்சரிக்கையே. நம் நாட்டுச் சட்டம் இரண்டுக்கும் இடமளிக்க முயல்கிறது: எவரையும் அயலார் என்று தள்ளாமை ஒன்று, நலிந்தவருக்குத் தனிக்காப்பு அளித்தல் மற்றொன்று.

நாம் செய்யவேண்டுவன

இதுகாறும் கூறியவற்றிலிருந்து களப்பணியாளரும் ஊராட்சி உறுப்பினரும் மேற்கொள்ளத்தக்க முறைகள் சில:

1. 'ஊர்க்காரரா?' என்று பொதுவாகக் கேளாமல், கோரப்படும் உதவி எது, அதற்குச் சட்டம் கேட்கும் தகுதி எது என்று முதலில் அறிதல் வேண்டும்.

2. தாயகம் திரும்பிய குடும்பத்தார், இந்தியத் தூதரகம் வழங்கிய குடும்ப அட்டையையும் பழைய கடவுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கும்படி அறிவுறுத்தல் வேண்டும். மூத்தோர் மறைந்தபின் இவற்றின் அருமை தெரிவதற்குள் பல வீடுகளில் அவை தொலைந்துவிடுகின்றன.

3. இடம் மாறி வந்த தொழிலாளரின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உதவுதல் வேண்டும். முன்னிருந்த ஊரில் உள்ள பெயரை நீக்கச் செய்தலும் அவசியம். ஒருவர் ஈரிடத்தில் வாக்காளராக இருத்தல் கூடாது.

4. பழங்குடிச் சிற்றூர்களில் முதியோரின் வாக்குமூலங்களைக் காலந்தாழ்த்தாது எழுதி வாங்குதல் வேண்டும். ஒரு முதியவர் மறைந்தால் ஒரு சான்று மறைகிறது.

5. எந்த மனுவையும் மறுக்க நேரின், காரணத்தை எழுத்து மூலம் தெரிவித்து, மேல்முறையீட்டுக்குரிய இடத்தையும் நாளையும் கூறுதல் வேண்டும்.

6. கிராம சபையில் 'வந்தவர்', 'அயலார்' என்னும் சொற்கள் தீர்மானப் புத்தகத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

சட்டம் எவர் முதலில் வந்தார் என்று சில இடங்களில் கேட்பது உண்மையே. ஆனால் அவ்வாறு கேட்பது இழந்தவருக்கு ஈடு செய்வதற்கேயன்றி, இருப்பவரை விரட்டுவதற்கன்று. கட்டபெட்டைச் சுற்றிய சரிவுகளில் குறும்பரின் காட்டுரிமையும், படகரின் தேயிலைத் தோட்டமும், தாயகம் திரும்பியவரின் குடியிருப்பும், நேற்று வந்த தொழிலாளியின் கூலியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவற்றுக்குரிய சட்டங்கள் வெவ்வேறு. அவற்றைக் காக்கும் பொறுப்பு நம் அனைவருக்கும் பொது. உரிமை கேட்டு வருபவரின் பாட்டனார் எங்கிருந்து வந்தார் என்று ஆராய்வதற்கு முன், அவருக்கு எந்தச் சட்டம் துணை நிற்கும் என்று ஆராயும் பழக்கத்தை நம் ஊராட்சிகள் கைக்கொள்ளுமாக.